அத்தான் எந்தப் படத்தில் இருக்கிறார்?

அக்கா போன் செய்தால் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிடுவாள்.

"ஏலே, இங்க அந்த ஆளு படத்தையெல்லாம் வரிசையாப் போடப் போறானாம். மராட்டி பேப்பர்ல போட்டோவோட வந்திருக்கு. நீ ஒரு நாலு நாளு வந்து பாத்துச் சொல்லு. ஒங்க அத்தான் அதுல இருக்காகளா இல்லையான்னு."

"அத்தானே போய்ப் பாக்கலாமேக்கா?"

"அவுக போனா எவனையாவது கையக் காட்டி நாந்தாம்பாக. நீ வா. ஒனக்குத்தான் பொய் சொல்ல வராதே."

முப்பது வருஷமாக வசன கவிதை எழுதுகிறவனுக்குப் பொய் சொல்ல வராது என்று இன்னும் நம்புகிற ஒரே ஆத்மா என் பகவதி அக்காதான். அந்த நம்பிக்கைக்காகவே பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பிவிட்டேன்.

"அந்த ஆளு" என்று அக்கா சொன்னது இந்தியாவின் பெரிய கலைப்பட இயக்குநர்களில் ஒருவரை. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்வீர்கள், மீதிப் பேர் கொட்டாவி விடுவீர்கள். நான் அவருடைய ஒரு படத்தையும் பார்த்ததில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் அவை வந்ததே இல்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: நாற்பது வருஷத்துக்கு முன்பு ஒரு சித்திரை மாசத்தில் அவர் என் அத்தானை ஒரு பகல் முழுக்க நிற்க வைத்தார். அல்லது நிற்க வைத்ததாக அத்தான் சொல்கிறார்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அத்தான் சங்கரலிங்கத்துக்கு அப்போது பூனாவை ஒட்டிய ஆகுர்டியில் ஒரு ஸ்கூட்டர் கம்பெனியில் வேலை, இன்னும் டெம்பரவரி. மாசியில் கல்யாணம் முடிந்ததும் அவர் மட்டும் திரும்பி வந்துவிட்டார். வீடு பார்த்த பிறகு அக்காவை அனுப்பினார்கள். பம்பாய்க்குப் போகிற சித்தப்பா ஒருவர் துணை. வண்டி பூனா ஸ்டேஷனில் நின்றதும் அக்காவையும் டிரங்குப் பெட்டியையும் இறக்கிவிட்டு, "மாப்பிள்ளை வந்துருவாரு, நில்லும்மா" என்று சொல்லிவிட்டு அதே வண்டியில் சித்தப்பா போய்விட்டார். மாப்பிள்ளை வரவில்லை. காலையில் இறங்கியவள் வெயில் தணிகிற வரைக்கும் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். இந்தியில் ஒரு சொல் தெரியாது. பக்கத்தில் பூ விற்றவள் தன் பாக்ரி ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்திருக்கிறாள். சாயங்காலம் அத்தான் மூச்சிரைக்க ஓடி வந்தார். சொன்ன காரணம்: சினிமா ஷூட்டிங்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஷூட்டிங் என்றால் பொய் என்று அர்த்தம். பால்காரன் பிந்தி வந்தால் அக்கா கேட்பாள், "என்ன பையா, ஷூட்டிங்கா?" அவன் மராட்டிக்காரன். ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டுப் போவான்.

ஆகுர்டியில் நான் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. பெய்தது என்று சொல்வதுகூட அதிகம். காற்றில் ஈரமாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் மழை கதவைத் தட்டிக்கொண்டு வரும், சண்டை போடும், போய்விடும். இது சொந்தக்காரர் மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டது.

அக்கா சொதி வைத்திருந்தாள். தேங்காய்ப்பால் எல்லாம் சரியாக இருந்தும் சொதியில் ஏதோ ஒரு அந்நியம். "முருங்கைக்கா நம்ம ஊரு மாதிரி இல்ல. இங்க பாஜிவாலாகிட்ட சண்டை போட்டாலும் இதான் கெடைக்கும்" என்றாள். அத்தான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என்னைப் பால்கனிக்கு அழைத்துப் போனார்.

"மாப்ள, நல்லாக் கேட்டுக்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு வெளிய வாரேன். நேரா ஸ்டேஷனுக்குப் போறதாத்தான் இருந்தேன். கம்பெனி கேட்டுகிட்ட கேமராவ வச்சுக்கிட்டு நிக்காங்க. தாடி வச்ச ஆளு என்னையப் பாத்து, நீ நில்லுங்காரு. சூப்பர்வைசரும் நில்லுடாங்காரு. நான் டெம்பரவரி. நிக்காம?"

"எதுக்கு ஒரு நாள் முழுக்க?"

"மேகம் வரணுமாம்."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "சித்திரை மாசத்துல மேகம்! பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

"பாத்தியா, பாத்தியா" என்றார் அத்தான் மெல்ல. "அறுபத்தேழு வயசாச்சு மாப்ள. போறதுக்குள்ள இந்த ஒரு கேஸ்ல மட்டும் நான் ஜெயிக்கணும்."

என்ன படம் என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அந்தத் திரைப்பட விழாவின் அச்சிட்ட தாளை அக்காவிடம் வாங்கிப் படித்தேன். ஒவ்வொரு படத்துக்கும் நாலு வரி. ஒன்று "மௌனத்தின் கட்டுமானம்", இன்னொன்று "காத்திருத்தலின் நிலவியல்." ஸ்கூட்டர் கம்பெனி எதில் வருகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசிப் படம் மட்டும் புதிதாகச் செப்பனிட்ட பிரதி என்பதால் அடுத்தடுத்து மூன்று நாள் போடுகிறார்கள் என்பது ஒன்றுதான் விளங்கியது.

பூனாவின் மறுகோடியில், கோந்த்வாவில் ஐடி வேலையிலிருக்கும் அக்கா மகன் கார்த்திக் வீடியோ காலில் வந்தான். "மாமா, யூட்யூப்ல பாத்தேன். அந்த ஆளோட பிக்சர் எதுவும் முழுசா இல்ல. விடுங்க மாமா, மம்மி டாடி ஃபைட் எல்லாம்... வோ தோ சல்தா ரஹேகா, அது பாட்டுக்கு ஓடும். அது நின்னுச்சுன்னா எனக்குத்தான் பயமாயிருக்கும்" என்றான்.

அடையாளத்துக்கு அக்கா கல்யாணப் போட்டோவை என் செல்போனில் ஏற்றிக் கொடுத்தாள். அதில் மாலை அத்தானின் தாடைவரை ஏறி நிற்கிறது. பிளாஷ் வெளிச்சத்துக்குக் கண்ணை மூடியிருக்கிறார். மீசை இருக்கிறது. இந்தியாவில் மீசை வைத்த, கண் மூடிய இளைஞர் ஒருவரைத் தேடி நான் புறப்பட்டேன்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் தப்பான பக்கம் நின்றிருக்கிறேன். வண்டி வந்தது, ஏறினேன், ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது. லோக்கல் ரயிலில் காலையில் ஜன்னலோரம் கிடைக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டடங்கள் குறைந்துகொண்டே வந்தன. பச்சை வந்தது. மலைகள் வந்தன, தலையில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு. அடடா, பூனாவுக்குள் இப்படியொரு காடா என்று மனம் வரிகளைக் கோக்க ஆரம்பித்துவிட்டது.

"சிவாஜிநகர் எப்போ வரும்?" என்று பக்கத்திலிருந்த அம்மாளைக் கேட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னாள்: "வராது. இது லோனாவாலா போகிற வண்டி. சிவாஜிநகர் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது."

தளேகாவில் இறங்கி, ஒரு வடாபாவைத் தின்றுவிட்டு எதிர்வண்டிக்குக் காத்திருந்தேன். பன்னுக்குள் உருளைக்கிழங்கு போண்டா, மேலே பூண்டுப் பொடி. எங்கள் ஊர் டீக்கடைகளில் இந்தப் போண்டாவைத் தனியாகத்தான் விடுவோம், தாளில் சுருட்டி. இங்கே அதற்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

திரையரங்கம் டெக்கான் பக்கம், மரங்கள் கவிந்த ஒரு ரோட்டில் இருக்கிறது. நான் உள்ளே நுழைந்தபோது படம் ஆரம்பித்து ரொம்ப நேரமாகிவிட்டது. திரையில் ஒருவர் எருமையை ஓட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். இருட்டில் படிகளிலேயே உட்கார்ந்தேன். அவர் போய்க்கொண்டே இருந்தார். எங்கிருந்து கிளம்பினார், எருமை யாருடையது, விற்கவா, கொடுக்கவா, எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு சந்தை வந்தது. நூறு பேர். நான் போனை எடுத்துப் போட்டோவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"விளக்கை அணையுங்கள்" என்றது ஒரு குரல். அணைத்தேன்.

அத்தான் எருமைச் சந்தையில் இருக்க நியாயமில்லை. தெரியும். ஆனாலும் தேடினேன். ஆலமரத்தடியில் பீடி குடித்தவன், கயிறு முறுக்கினவன், காமிராவைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டவன். ஓரங்களில் நின்ற அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டிருந்ததில் எருமைக்காரரைத் தவறவிட்டுவிட்டேன். விளக்கு எரிந்தபோது எல்லோரும் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். யாரும் எழவில்லை. எங்கள் ஊர்த் தியேட்டரில் வணக்கம் போடுவதற்கு முன்பே பாதிப் பேர் சைக்கிள் ஸ்டாண்டில் இருப்பார்கள். இங்கே படம் முடிந்ததுகூட இவர்களைப் பொறுத்தவரை படத்தில் சேர்த்தி போல.

பக்கத்தில் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெரியவர் வேர்க்கடலையை நீட்டினார். பாங்க் உத்தியோகத்தில் ரிட்டயரானவர், ஜோஷி. எல்லோரும் காகா என்றார்கள், மராட்டியில் சித்தப்பா. நானும் காகா என்றேன்.

"எருமையை விற்றாரா காகா?" என்று இந்தியில் கேட்டேன்.

"நீங்கள் பார்க்கவில்லையா?"

"நான் வேறு ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

அவர் இன்னொரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். "பரவாயில்லை. எனக்கும் இவர் படங்கள் புரிந்ததில்லை. ஆனாலும் விடாமல் வருகிறேன். வீட்டில் அவளிடம் மட்டும் புரிகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்."

மத்தியானம் கடைகள் அடைத்துவிட்டன. பூனாவில் கடைக்காரர்களும் தூங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், நேரில் பார்த்தபோது சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. திறந்திருந்த ஒரே டீக்கடையில் ஒரு பலகை. காகா மொழிபெயர்த்தார்: "கேள்வி கேட்பதற்கு முன் இந்தப் பலகையைப் படிக்கவும். படித்த பிறகும் கேள்வி இருந்தால் டீ குடித்துவிட்டுப் போகவும்." அந்தப் பலகையில் அதைத் தவிர வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. டீயில் ஏலக்காயும் இஞ்சியும் சண்டை போட்டன. குடித்துவிட்டுப் போனேன்.

மூன்றாம் நாள் சரியான பக்கம் நின்று சரியான வண்டியில் ஏறினேன். ஜன்னலோரம் கிடைக்கவில்லை.

காலையில் போட்ட படம் என்னை ரொம்பவே குழப்பிவிட்டது. ஒரு வீடு. ஒரு தாய், இரண்டு பெண்கள், பூட்டிய ஒரு அறை. வெளியே மழை. படம் முழுக்க அந்த மூன்று பேர்தான். கூட்டமே இல்லை, தெருவே இல்லை, தேடுவதற்கு ஆளே இல்லை. ஓரங்களில் துழாவினேன். ஒரு சுவர், ஒரு துணிக்கொடி, ஒரு பல்லி. வேறு வழியில்லாமல் நடுவில் இருக்கிறவர்களைப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. மூத்தவள் பூட்டிய கதவின் முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைக்கிறாள். எடுக்கிறாள். மறுநாள் வைக்கிறாள். எடுக்கிறாள். உள்ளே யார்? கடைசிவரை சொல்லவில்லை. தட்டு ஒவ்வொரு தடவையும் காலியாகத்தான் திரும்புகிறது. சின்னவள் தின்கிறாளா என்று ஒரு சந்தேகம் எனக்கு வந்தது. ஒருவேளை அந்தச் சந்தேகம்தான் படமோ. காகா கொடுத்த வேர்க்கடலையைத் தின்ன மறந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து சாபுதானா கிச்சடி சாப்பிட்டேன். ஜவ்வரிசியை நாம் பாயசத்தில் கரைத்து ஆளே தெரியாமல் ஆக்கிவிடுவோம். இங்கே வேர்க்கடலைத் தூளும் பச்சைமிளகாயும் போட்டு, ஒவ்வொரு மணியையும் தனித்தனியாக, முத்துமாதிரி நிற்க வைக்கிறார்கள். ஸ்பூனில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நாளில் அந்த இயக்குநர் என் கண்ணைக் கெடுத்துவிட்டார். ரோட்டைக் கடக்கும்போதுகூட, முகத்தில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போகிற பெண்களுக்குப் பின்னால், பஸ் ஸ்டாப்பில் சும்மா நிற்கிறவன் யார் என்றே பார்வை போனது.

மத்தியானப் படம்தான் அந்தச் செப்பனிட்ட பிரதி.

முதல் காட்சியிலேயே மதில், புகைபோக்கி, சைக்கிள்கள். நிமிர்ந்து உட்கார்ந்தேன். காக்கிச் சட்டைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், போனார்கள். எல்லோருக்கும் மீசை. வலது ஓரம், இடது ஓரம், தூரத்தில் டீக் குடிக்கிறவர்கள், ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி தெரிகிற முகம். கண் எரிந்தது. கதாநாயகன் கிராமத்திலிருந்து வேலை தேடி வந்தவன் என்று நினைக்கிறேன். அவனை யாரோ ஏமாற்றினார்கள் என்றும் நினைக்கிறேன். நான் அவனைக் கவனிக்கவில்லை.

திடீரென்று கூட்டம் காணாமல் போய்விட்டது. வெறும் முற்றம். நடுவில் ஒரே ஒரு ஆள். நான் பழக்கதோஷத்தில் ஓரங்களைத் தேடினேன். மதிலோரம் யாருமில்லை. மரத்தடியில் யாருமில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான், சரி, நடுவில் நிற்கிற இவன் யார் என்று பார்த்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தான். இடது கையால் சீவினான், வலது உள்ளங்கையால் முடியைப் பின்னால் அமுக்கினான். அன்று காலையில் அத்தான் ஆகுர்டி வீட்டுக் கண்ணாடி முன்னால் அறுபத்தேழு வயசு வழுக்கையில் அப்படியேதான் செய்துகொண்டிருந்தார்.

அத்தானா? அத்தான் மாதிரி ஒருவரா? இடது கைக்காரர்கள் உலகத்தில் எத்தனை பேர்? நான் போனை எடுப்பதற்குள் காட்சி மாறிவிட்டது.

அக்காவுக்குப் போன் செய்தேன். "இருக்காகன்னு தோணுதுக்கா."

"தோணுதா? சாட்சி சொல்லுத ஆளு தோணுதும்பானா?"

"அவரை மாதிரி இருக்கு. ஆனா ரொம்ப அழகா இருக்காரு."

"நாளைக்கு நானே வாரேன்" என்றாள். "அவுகளையும் கூட்டிட்டு வாரேன். பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் சரி."

நாலாம் நாள் அத்தான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் தயாராகி நின்றார். அக்கா பட்டுப் புடவை. "கல்யாணத்துக்கா போறோம்?" என்று கேட்டேன். "கோர்ட்டுக்கு" என்றாள்.

லோக்கலில் அத்தான் ஜன்னலில் தெரிந்த தன் நிழலை இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். தியேட்டரில் நடுவில் அக்கா, இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான். எனக்குப் பின்னால் காகா.

கதாநாயகனின் சோகங்களை அக்கா பொறுமையில்லாமல் பார்த்தாள். "எப்ப வரும்?" "வரும்." "இவன் எதுக்கு இம்புட்டு நேரம் செவத்தப் பாக்கான்?" "தெரியலக்கா." பின்னால் யாரோ உஸ் என்றார்கள்.

முற்றம் வந்தது.

இந்த முறை நான் ஓரத்தைப் பார்க்கவில்லை. வெயில் சுண்ணாம்பாக அடித்த முற்றம். நடுவில் அவன். இருபத்தேழு வயசு, ஒல்லி, காலர் நைந்த காக்கிச் சட்டை. இடுப்பில் கை வைத்தான், எடுத்தான். வலது பக்கம் பார்த்தான். அங்கே கம்பெனி கேட், அதற்கப்பால் ரோடு. வானத்தைப் பார்த்தான். மறுபடியும் கேட். காலை மாற்றி நின்றான். முகத்தில் வேர்வை. இசை இல்லை, பேச்சு இல்லை, எங்கேயோ ஒரு காக்கா மட்டும் கத்தியது. சீப்பை எடுத்துச் சீவினான். மறுபடியும் கேட். கண்ணில் ஒரு தவிப்பு, குழந்தையைக் கூட்டத்தில் தொலைத்தவன் மாதிரி. நேரம் போனது. திரையில் யாராவது இவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. பிறகு முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு நிழல் நகர்ந்து வந்தது. மதிலைத் தொட்டு, தரையில் ஊர்ந்து, அவன் காலுக்கு வந்து, முகத்தில் ஏறியது.

மேகம்.

அத்தான் இருட்டில் ஏதோ சத்தம் செய்தார். சிரிப்பா, கேவலா, தெரியவில்லை. அக்கா அசையவில்லை.

நிழலுக்குள் நின்ற அவன் கேட்டைப் பார்த்து ஒரு எட்டு எடுத்து வைத்தான். அவ்வளவுதான். காட்சி வெட்டுப்பட்டு வேறு யாரோ அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்குள்ள வெட்டிட்டானே பாவி!" என்றாள் அக்கா, தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி.

படம் முடிந்ததும் ஒரு பேராசிரியை மேடைக்கு வந்து மராட்டியில் பேசினார். நாற்பது வருஷம் பாஜிவாலாவோடு சண்டை போட்டதில் அக்காவுக்கு மராட்டி தண்ணீர்பட்ட பாடு. எனக்கு அவ்வப்போது காதில் சொன்னாள். அந்த முற்றக் காட்சியைப் பற்றித்தான் பேச்சு. நடிகர் அல்லாத ஒருவரை வைத்து எடுத்தது. தலை சீவுவது உழைப்பவனின் சுயமரியாதை. மேகம் என்பது வரலாறு. பிறகு பேராசிரியை கேட்டார்: "ஒன்றைக் கவனித்தீர்களா? காட்சி முழுக்க அந்த வாயிற்கதவு திறந்தே இருக்கிறது. காவல் இல்லை. அவன் போகலாம். ஆனாலும் போகவில்லை. ஏன்?"

அக்கா இதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. காகாதான் பின்னாலிருந்து சொன்னார். அக்கா தலையை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தான் எழுந்துவிட்டார். மைக் கொடுக்கும் முன்னாலேயே இந்தியில் பேசினார். "அது நான்தான், மேடம். சங்கரலிங்கம். நைட் ஷிப்ட் முடிந்து நின்றேன். புதுசாகக் கல்யாணம். என் மனைவி பூனா ஸ்டேஷனில் தனியாகக் காத்திருந்தாள். இதோ, இவள்தான்."

கைதட்டல் எழுந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. பேராசிரியை மேடையிலிருந்து இறங்கியே வந்துவிட்டார், கண்கள் மின்ன. "இயக்குநர் உங்களிடம் என்ன சொன்னார்? எதை நினைத்துக்கொள்ளச் சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை. நில் என்றார். மேகம் வரட்டும் என்றார்."

படம் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் செல்ஃபிக்கு மொய்த்தார்கள். காகா அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்களா அது! அந்தக் காட்சி மட்டும்தான் எனக்குப் புரிந்திருந்தது. இப்போது அதுவும் போயிற்று" என்றார். அத்தான் முகத்தில் நாற்பது வருஷத்து வழக்கில் ஜெயித்த வெளிச்சம். அக்காவைச் செல்ஃபிக்குக் கூப்பிட்டார்கள். அவள் வரவில்லை. நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளையாகிவிட்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத்தான் எதுவும் நிலைக்கவில்லை. பேராசிரியை சொன்னபோது அது சரியென்று பட்டது. அத்தான் சொன்னபோது அதுவும் சரியென்று பட்டது. அந்தத் தவிப்பை இயக்குநர் படம் பிடித்தாரா, திருடினாரா? ஒருத்தியைப் பெட்டிமேல் உட்கார வைத்துவிட்டுக் கிடைத்த காட்சிக்காக இத்தனை பேர் கைதட்டுகிறோம், நானும் தட்டினேன். மழையில் ரோட்டுக்கு வந்தபோது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை.

மூவரும் ஒரு ரிக்‌ஷாவில் நெருக்கி உட்கார்ந்து சிவாஜிநகர் ஸ்டேஷனுக்குப் போனோம். அக்கா நடுவில். கொஞ்ச தூரம் போனதும் அத்தானால் பொறுக்க முடியவில்லை.

"என்ன, இப்பவாது நம்புதியா?"

"நின்னது நெசம்" என்றாள் அக்கா. "மேகமும் நெசம்."

"அப்பாடா."

"கேட்டு தொறந்துல்லா கெடந்துச்சு?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன்.

"சூப்பர்வைசர் நிக்கச் சொன்னாருன்னு..."

"சூப்பர்வைசரு எங்க? ஒரு ஈ காக்கா இல்ல அங்க. தொறந்து போட்ட கேட்டு. ஒரு ஓட்டம் ஓடினா பஸ்ஸு."

"கேமராவுக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தாருடி, அது படத்துல எப்படித் தெரியும்?"

"அது சரி. தலையச் சீவுனது யாருக்கு?"

"ஒனக்குத்தான். ஸ்டேஷனுக்கு வரணும்ல, நைட் ஷிப்ட் முடிச்ச மூஞ்சியோட..."

"எனக்கா, கேமராவுக்கா?"

ரிக்‌ஷாக்காரர் சிக்னலில் நிறுத்தி, கண்ணாடி வழியே எங்களைப் பார்த்தார். மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்த மாதிரி இருந்தது.

"நெசத்தச் சொல்லட்டா?" என்றார் அத்தான், குரல் இறங்கி. "எனக்கே தெரியல பகவதி. அப்பத் தெரிஞ்சிருக்கும். இப்பத் தெரியல."

அக்கா புடவைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்தப் பய பாவம்" என்றாள்.

"எந்தப் பய?"

"அந்த முத்தத்துல நின்ன பய. என்னமா முழிச்சான்! கடைசியில ஒரு எட்டு வச்சான்லா? அவன் வந்திருப்பான். நீங்கதான் அவன நிக்க வச்சிருக்கிய."

"ரெண்டும் நாந்தானடி!"

"இல்ல" என்றாள் அக்கா, சந்தேகமே இல்லாமல். "அவன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

ஸ்டேஷன் வந்துவிட்டது. அத்தான் இறங்கி, அவள் இறங்குவதற்குக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்து இறங்கினாள், ஆனால் பேசியது என்னிடம்.

"ஏலே, நாளைக்கும் அந்தப் படம் போடுதானா?"

"போடுறாங்கக்கா. நாளையோட கடைசி."

"நாம ரெண்டு பேரும் வருவோம்" என்றாள். பிறகு அத்தானைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அவுக வேண்டாம். பக்கத்துல ஒக்காந்து பேசிக்கிட்டே இருக்காக, அவன நிம்மதியாப் பாக்க முடியல."